குடை நானாவும் மிதந்த ட்ரொலியும்

கற்பிட்டிக் குடாநாட்டில் சோளகக் காற்று கிளம்ப வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்ட ஒரே மனிதர் குடை நானாதான். மற்ற எல்லோரும் அது அடங்க வேண்டும் என்றே கேட்பார்கள். மீன்காரருக்குப் படகு இறக்க வேண்டும், வெங்காயத் தோட்டக்காரருக்கு மண் பறக்கக் கூடாது. குடை நானாவுக்கோ நாளைக்குப் பத்துக் குடையாவது தலைகீழாகப் புரள வேண்டும். மழையை நம்பிக் குடை திருத்தியிருந்தால் எங்கள் ஊரில் அவர் பட்டினி கிடந்திருப்பார். இங்கே பெண்கள் குடை பிடிப்பது வெயிலுக்கு, அதை உடைப்பது காற்று, ஒட்டுப்போடுவது குடை நானா.

அவருடைய சொந்தப் பெயரை நான் முதன்முதலில் அறிந்தது, நானே நிரப்பிய ஒரு படிவத்தில்தான். அந்தப் படிவத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் இருக்கத்தான் விருப்பம், ஆனால் சொல்லியாக வேண்டும்.

நாள் முழுக்கக் குடையோடு கிடந்ததாலோ என்னவோ, உலகத்தில் உள்ள எல்லாமே மடங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மடங்கும் கதிரை, மடங்கும் மேசை, மடங்கும் ஏணி எல்லாம் செய்தார். ஏணி மடங்கியபோது அதன் உச்சியில் பல்ப் மாற்றிக்கொண்டிருந்தவன் நான். வீட்டுக்குப் போனால் சாமான்கள் எல்லாம் மடிந்து சுவரில் சாய்ந்திருக்கும். விருந்தாளி நின்றுகொண்டே தேத்தண்ணி குடிக்க வேண்டும்.

"மடங்காத சாமான் வேலவெட்டி இல்லாத மச்சான் மாதிரி தம்பி. எந்த நேரமும் நடு வீட்டில கெடக்கும்" என்பார்.

அவருடைய மனைவியைத் தெருவே அக்காவாக்கி 'ராத்தா' என்று கூப்பிட்டது. நானும் அடுத்த வளவுக்காரன் என்ற முறையில் அப்படியே கூப்பிட்டேன். குடை நானா மடக்க முடியாமல் போன ஒரே ஆள் ராத்தாதான். சந்தையில் அவர் மீன் வாங்குவதைப் பார்க்கவென்றே ஆட்கள் நிற்பார்கள். செவுளைத் தூக்கி, வயிற்றை அமுக்கி, கண்ணைப் பார்த்து, மீன்காரனின் கண்ணையும் ஒருமுறை பார்ப்பார். முப்பது வருடம் அந்த வீட்டுக்கு அடுத்தவர் தெரிந்தெடுத்த மீன் வந்ததில்லை.

யுத்தம் முடிந்து இரண்டொரு வருடத்தில் ராத்தாவுக்குப் பாரிசவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது, வலது கை மட்டும் திரும்பவில்லை. சந்தைப் பொறுப்பு குடை நானாவின் தலையில் விழுந்தது. அவருக்குக் குடைக் கம்பியில் துரு இருந்தால் தெரியும், மீனில் நாற்றம் இருந்தால் தெரியாது. அவர் கொண்டுவரும் ஓராவையும் விளைமீனையும் ராத்தா வாசல் கடப்படியிலேயே மோந்து பார்த்துவிட்டுப் பூனைக்குப் போடுவார். அந்த வருடம் எங்கள் தெருப் பூனைகள் நடக்க முடியாமல் கொழுத்துப்போயின.

தெருப் பெண்கள் வாங்கித் தருகிறோம் என்றார்கள். ராத்தா சம்மதிக்கவில்லை.

"மத்தவங்க தெரிஞ்ச மீனத் திண்டா அது என்ட வாய் இல்ல. நான் சந்தைப் பொலக்குப் போகணும். சாமானத் தூக்கத்தான் கை இல்ல, பாக்கிறத்துக்குக் கண் இரிக்கிதானே?"

குடை நானா மறுநாள் காலை தன் வலது கையை இடுப்புப் பட்டிக்குள் செருகி, மேலே ஒரு துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையைத் திறந்தார். ஒரு கையால் குடை விரித்தார், ஒரு கையால் சோறு தின்றார், ஒரு கையால் சாரத்தை உடுத்தி நடுத்தெருவில் அவிழ விட்டார். ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெரு முடிவு கட்டியது. நான்தான் அதை எல்லோருக்கும் முதலில் சொன்னேன்.

"ஒரு கையால தொறக்கணும், ஒரு கையால மடிக்கணும், ஒரு கையால பையக் கழத்தணும்" என்று அவர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரிந்தார். சந்தைக்கு இழுத்துப் போகிற ட்ரொலி ஒன்றைத்தான் செய்யப் போகிறார் என்பது எங்களுக்குப் புரிய ஒரு கிழமை ஆனது.

சட்டத்துக்குக் கண்டக்குழியில் ஒரு வெள்ளைக்காரர் விடுதி கழித்துப்போட்ட கடற்கரைக் கதிரையின் அலுமினியக் குழாய்கள். மடக்க ஒரு குடை ஸ்பிரிங். அதில் மூன்று பைகள் கொக்கியில் தொங்கும். ஏன் மூன்று என்று கேட்டேன். வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறது, நிறைந்த வண்டியை அவளால் ஏற்ற முடியாது, ஒவ்வொரு பையாகக் கழற்றி இடது கையில் மாட்டிக்கொண்டு ஏறலாம் என்றார். இவ்வளவு யோசித்த மனிதர், எங்கள் ஊர் ஒழுங்கைகள் முழுக்க மணல் என்பதை யோசிக்கவில்லை. முதல் வண்டியின் சின்னச் சக்கரங்கள் வாசலிலேயே புதைந்தன. கிணறு தோண்டுவதுபோலத் தோண்டி எடுத்தோம்.

அப்புறம்தான் வலையில் கட்டும் மிதப்புகள் இரண்டைக் கொண்டுவந்து சக்கரமாகப் பூட்டினார். பந்து மாதிரிச் செம்மஞ்சள் நிறத்தில் இருந்த அவை, மணலில் புதையாமல் மேலே உருண்டன. இரண்டாம் வண்டியில் மீன் பை மேலே இருந்தது, சீனி கீழே. ஒரு கிழமை முழுக்க அவர் வீட்டுத் தேத்தண்ணியில் சாளை மணத்தது. மூன்றாம் வண்டி பலசரக்குக் கடை வாசலில் தானாகவே மடங்கி, முதலாளியின் சாரத்தைக் கவ்விக்கொண்டது.

"டேய் குடை! என்ட சாரத்த விடச் செல்லுடா ஒன்ட வண்டிய! கடையில பொம்பிளயள் நிக்கிறாங்க!"

"அசையாதீங்க முதலாளி. அசைஞ்சா ஸ்பிரிங் இன்னம் இறுக்கும்."

முதலாளி கால் மணித்தியாலம் சிலையாக நின்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது.

நான்காவது வண்டி வேலை செய்தது. மீன் பை கீழே, உரப்பையில் தைத்தது. நடுவே மரக்கறிக்கு, மேலே சீனி அரிசிக்கு, இரண்டும் கறுப்புக் குடைத்துணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்தா இடது கையால் அதை இழுத்துக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தார். மீன்காரன் ஒருவன் கத்தினான்:

"ராத்தா வந்திட்டாங்க! ஐஸ் மீன ஒளிங்கடா!"

ராத்தா ஒரு ஓராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது முந்தாநாள் மீன். ஒன்ட மூஞ்சி மாதிரியே வாடி இரிக்கி" என்றார். சந்தை முழுக்கச் சிரித்தது. குடை நானா தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அவர் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன்.

ராத்தா அந்த ட்ரொலியோடு இரண்டு ஞாயிறு சந்தைக்குப் போனார். மூன்றாவது ஞாயிற்றைக் கெடுத்தது நான்.

அப்போது நான் ஒரு அரச கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்தேன். யுத்தம் முடிந்த கையோடு நாட்டில் கண்காட்சிகள் பெருகியிருந்தன. புத்தளத்தில் புதிய கண்டுபிடிப்புகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். எங்கள் கந்தோரிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு பொருட்கள் வரை அனுப்பலாம். வீட்டுப் பாவனைப் பிரிவு ஒரு தும்பு விரிப்பாலும் ஒரு சிரட்டை விளக்காலும் நிறைந்துவிட்டது. மீன்பிடிப் பிரிவு காலி. கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "எதையாவது போடு" என்றார். ட்ரொலியின் சக்கரம் வலை மிதப்புத்தானே என்று நினைத்து, படிவத்தில் 'மீன்பிடி உபகரணம்' என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

குடை நானா தயங்கினார். "அது அவட சாமான் தம்பி. அவகிட்டக் கேளு."

"மூணே நாள் ராத்தா. பரிசு கெடச்சா நானாவுக்குப் பேர் வரும், நாலு பேருக்குச் செய்து குடுக்கலாம்" என்றேன்.

"மூணு நாள்தானே? கொண்டு போங்க" என்றார் ராத்தா.

கண்காட்சியில் நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் படிவத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"இதில் வலையை எங்கே கட்டுவது?"

"வலை இல்ல சேர். இது மீன் வாங்கிற வண்டி" என்றார் குடை நானா.

"மீன் பிடிக்கிறதா, வாங்கிறதா?"

நான் பின்னால் நின்று, வாயைத் திறக்க வேண்டாம் என்று குடை நானாவுக்குச் சைகை காட்டினேன். இரண்டாவது நடுவர் மிதப்பைத் தட்டிப் பார்த்து, "சரி, மிதக்குமா?" என்றார். தன் வேலையில் குறை கண்டால் குடை நானாவுக்குப் பொறுக்காது. "ஏன் மிதக்காது?" என்று முறைத்தார். களப்பு எதிரேதான் இருந்தது. ஊர்வலமாகப் போய் ட்ரொலியைத் தண்ணீரில் இறக்கினோம். அது கம்பீரமாக மிதந்தது. சனம் கைதட்டியது. மூன்றாம் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவில் மொத்தம் மூன்று பொருட்கள்தான் இருந்தன.

பரிசு பெற்றவை கொழும்புக் கண்காட்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். ட்ரொலியை ஒப்படைக்கும் பத்திரத்தில் பெருமையோடு கையொப்பம் போட்டேன். நாங்கள் ஒரு சான்றிதழோடு பஸ் ஏறினோம். ராத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில மீன் கொண்டு வரலாமா?" என்று கேட்டார்.

ட்ரொலி வரவில்லை. மாதங்கள் போயின. குடை நானா நான்கு தரம் புத்தளத்துக்கு பஸ் ஏறினார். நான்கு தரமும் கோப்பு கொழும்பில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொன்று செய்து தரவா என்று ராத்தாவிடம் கேட்டாராம். "மூணு நாள் எண்டு அந்தத் தம்பி செல்லிச்சே. வரும். இன்னொண்டு செஞ்சா அந்தப் புள்ளட மனசு நோகும்" என்று ராத்தா தடுத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"தம்பி, வந்திச்சா?"

"வாற கிழமை ராத்தா."

இதில் நான் மறைத்த ஒன்று உண்டு. அந்த வண்டியைத் திருப்பிக் கேட்டு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. ஒரு கை வழங்காத பெண்ணின் சந்தை வண்டி என்று எழுதினால், மீன்பிடி உபகரணம் என்று ஏன் போட்டாய் என்று கேள்வி வரும். "வாயை மூடிக்கொண்டு இரு, தானாக வரும்" என்றார் பெரியவர். என் உத்தியோகத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு வைக்க இன்றுவரை எனக்கு நல்ல பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு காலை ராத்தாவுக்கு இரண்டாவது தரம் பாரிசவாதம் வந்தது, அன்றைக்கே மூச்சடங்கி மவுத்தானார். அன்று விடிய குடை நானா வாங்கி வந்த மீனையும் மோந்து பார்த்துப் பூனைக்குத்தான் போட்டிருந்தாராம்.

நாற்பதாம் நாள் நினைவுக் கத்தம் கழிந்து ட்ரொலி லொறியில் எங்கள் கந்தோருக்கு வந்து இறங்கியது. 'மீன்பிடி உபகரணம் – மூன்றாமிடம்' என்ற துண்டு சட்டத்தில் ஒட்டியிருந்தது. பைகள் மூன்றையும் காணவில்லை. லொறியில் வந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன்.

"படிவத்தில கழத்திற பை எண்டுதானே எழுதி இரிக்கி? யாரும் கழத்தி இருப்பாங்க" என்றார்.

நானே இழுத்துக்கொண்டு போய்க் குடை நானாவிடம் கொடுத்தேன். அவர் கத்துவார், முகத்தில் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ட்ரொலியைப் புரட்டிப் பார்த்தார், மூட்டுக்கு எண்ணெய் விட்டார்.

"கொழும்பிலயும் மெதக்க உட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு சந்தையில் அவரைக் கண்டேன். புதிதாகத் தைத்த மூன்று பைகள். வலது கை பட்டிக்குள் செருகி, துண்டால் கட்டியிருந்தது. இடது கையால் ஒரு விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரர்கள் யாரும் சத்தம் போடவில்லை. நல்ல மீனாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளி வைத்தார்கள்.

"நானா, இனி ஏன் கையக் கட்டுறீங்க?" என்றேன்.

"ரெண்டு கையயும் போட்டா பிழை எங்க இரிக்கி எண்டு புடிபடாது தம்பி. கீழ்ப் பையிட கொக்கி இன்னம் கொஞ்சம் இறுக்கம். அவ ஒண்டும் செல்லல்ல. ஆனா ரெண்டாவது ஞாயிறு கழத்தக்குள்ள மொகம் சுளிச்ச. நான் கண்ட."

நாலைந்து வருடம் அந்தக் கொக்கியோடு மல்லுக்கட்டினார். மரணிக்க முன் ட்ரொலியை எனக்குக் கொடுத்தார். "இது மெதக்கும் எண்டு ஒனக்குத்தானே தெரியும்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அவரை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லும் தகுதியும் இருக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையிலிருந்து அதை இழுத்துக்கொண்டு வருகிறேன். வாசல் படியில் நின்று, வலது கையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையால் கீழ்ப் பையைக் கழற்றுகிறேன். கொக்கி இறுக்கமே இல்லை நானா, லேசாகக் கழல்கிறது.