தும்பிக்கை இல்லாத யானை

தோ பாயோ, சிங்கப்பூர்
மார்ச் 2021

அன்புத் தங்கை வித்யாவுக்கு அண்ணன் வேலாயுதம் எழுதுவது. இங்கே யாவரும் நலம். திருச்சியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என்னதான் செய்கிறீர்கள் என்று போன மாதம் தொலைபேசியில் கேட்டாய். முகக்கவசம் தைக்கிறேன் அம்மா. ஊரே ஒரே நீல நிறத்தில் மூடிக்கொண்டு திரிவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. உதாரணத்துக்கு, திங்கட்கிழமை என் கட்டம் போட்ட சட்டை, செவ்வாய்க்கிழமை கூடத்துத் திரைச்சீலை, வெள்ளிக்கிழமை சரிகை. தேக்கா சந்தையில் மீன் விற்கும் இப்ராஹீம், “சார், மீனெல்லாம் உங்களத்தான் பாக்குது லா,” என்றார். அதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் பெண் வைஷாலியைக் கபிலன் என்ற பையனுக்குப் பேசியிருக்கிறோம் அல்லவா? கல்யாணத் தேதி குறிக்க அவர்கள் வருவதாக இருந்த அன்று காலை அலமாரியில் மாம்பழ நிறப் பட்டு ரவிக்கைத் துணி ஒன்று கண்ணில் பட்டது, கரை முழுக்கச் சின்னச் சின்ன யானைகள், வெட்டினேன், தைத்தேன், மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே வந்த கபிலனின் அம்மா உட்காரவே இல்லை, என் மூக்கையே பார்த்தார். உன் அண்ணி சிவகாமசுந்தரி என்னை அடுப்படிக்கு இழுத்து, “அவங்க முதல் தடவ வந்தப்ப தாம்பூலத்துல வச்சுக் கொடுத்த துணிங்க அது. கல்யாணத்தையே வெட்டிட்டீங்களே,” என்றாள். வைஷாலிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கூடத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். முகக்கவசத்துக்குள் திறந்த வாய் யாருக்குத் தெரியும்?

அதற்குள் அந்த அம்மா, “தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. உங்க மூக்கு மேல இருக்கிற யானைக்குத் தும்பிக்கை இல்ல. நவராத்திரிக்கு எனக்கு யாரோ கொடுத்தாங்க, பிரிச்சுப் பாக்காம உங்களுக்கு வச்சிட்டேன்,” என்றார்.

தும்பிக்கை என்றதும் சிவகாமசுந்தரி என் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தாள். “ஐயையோ சம்பந்தி, இது நான் கோயில்ல கொடுத்த துணி. அந்தக் கொறையப் பாத்துட்டுத்தான் தள்ளிவிட்டேன். நீங்க கொடுத்தப்ப நானும் பிரிச்சுப் பாக்கல.”

இருவரும் சிரித்த சிரிப்பில் முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கின. ஆவணியில் கல்யாணம். “அங்கிள், எனக்கும் யானை போட்டது ஒன்னு தைச்சுக் கொடுங்க,” என்று கபிலன் கேட்டிருக்கிறான்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

அன்புள்ள அண்ணன்,
வேலாயுதம்

பின்குறிப்பு: இதைப் படித்த உன் அண்ணி, “அந்தத் துணி மொதல்ல வித்யா அனுப்புனது. தெரிஞ்சா வருத்தப்படுவா, கடிதத்தப் போடாதீங்க,” என்கிறாள். எனக்கோ வேறு சந்தேகம். உன் அலமாரியைத் திற. இத்தனை வருடம் நாங்கள் உனக்கு அனுப்பிய துணிகளில் ஒன்றாவது உள்ளே இருக்கிறதா என்று பார்.