கார்த் ஆக்ராய்ட் அடித்த நாற்பத்தோரு ட்ரை

மனித குலம் நியாயத்தைக் கண்டுபிடித்தது சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்கு முன்பும் சட்டம் இருந்தது, நீதிபதிகள் இருந்தார்கள், அவர்கள் தலையில் வைத்துக்கொள்ள வெள்ளை டோப்பாகூட இருந்தது. நியாயம் மட்டும் இல்லை. அன்றுதான் எங்கள் ரக்பி லீக் வாரியம், பதினோரு உறுப்பினர்கள், இரண்டு ஆலோசகர்கள், மூன்று தட்டு பிஸ்கட் ஆகியோரின் ஒருமித்த ஒத்துழைப்புடன் 'இளம் வீரர் வளர்ப்பு இழப்பீட்டுத் திட்ட'த்தை நிறைவேற்றியது.

திட்டத்தின் அழகு அதன் எளிமை. சின்ன ஊர்க் கிளப் ஒரு பையனை வளர்க்கிறது. அவன் தேறியதும் பெரிய கிளப் வந்து கூட்டிக்கொண்டு போகிறது. இதுவரை இதற்குப் பதிலாக எங்களுக்கு ஒரு கைகுலுக்கலும், கையெழுத்துப் போட்ட சட்டை ஒன்றும் கிடைத்துவந்தன. எங்கள் மதுக்கூடச் சுவரில் அப்படி நான்கு சட்டைகள் தொங்குகின்றன. சுவரின் ஈரத்தை மறைப்பதில் அவற்றின் சேவை மகத்தானது. இனி சட்டை இல்லை, இழப்பீடு. ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரையிலான மூன்று பருவங்கள் 'அடித்தள ஆண்டுகள்'. பருவம் ஒன்றுக்கு ஆயிரம் பவுண்டு. பன்னிரண்டுக்கு மேல் பையன்கள் தாமாகவே வளர்ந்துவிடுவதாக ஆலோசகர்கள் கண்டறிந்திருந்தார்கள்.

நான் கிளிஃப். ஸ்கெல்பெக் அமெச்சூர் ரக்பி லீக் கிளப்பின் செயலாளர். பத்தொன்பது வருடங்களாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறேன். தேர்தல் நடக்கும்போது மற்ற எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விடுகிறார்கள்.

திட்டம் வந்தபோது எங்கள் உடை மாற்றும் அறையின் பாய்லர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. லீக்கின் ஆய்வாளர் வந்து குழாயடியில் ஒரு விரலை நீட்டி, தன் நோட்டில் 'குளிர்' என்று எழுதினார். மே மாதத்துக்குள் வெந்நீர் வராவிட்டால் சொந்த மைதானத்தில் ஆட அனுமதி இல்லை என்றும் எழுதினார். சொந்த மைதானத்தில் ஆட்டம் இல்லையென்றால் பீர் விற்பனை இல்லை, இறைச்சியைப் பரிசாக வைக்கும் சீட்டுக் குலுக்கல் இல்லை. அவை இல்லையென்றால் நூற்றுப் பதினேழு வருடக் கிளப்பும் இல்லை. புது பாய்லருக்கு லீட்ஸிலிருந்து வந்த ஆள் சொன்ன விலை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

அதே மார்ச்சில் எங்கள் ரோவன் சக்டனை ஆல்டர்பி கிளப் எடுத்துக்கொண்டது. பதினெட்டு வயது, தொண்ணூற்றைந்து கிலோ எடை, முயல் ஓட்டம். மூன்று பருவத்துக்கு மூவாயிரம். பாய்லர் போக மிச்சமிருக்கும் நூறில் ஒரு திறப்பு விழாவே நடத்தலாம் என்று தலைவர் எட்கர் பிக்கிள்ஸ் சொன்னார். நாடா வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் எடுத்துவைத்தார்.

விண்ணப்பப் படிவம் இருபத்தாறு பக்கம். ஓர் இரவில் மூன்று பக்கம் நிரப்பிவிட்டேன். நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'அடித்தள ஆண்டுகளில் வீரர் எந்தப் பதிவு அட்டையில் ஆடினார்?'

பேனாவைக் கீழே வைத்தேன்.

ரோவன் எங்களிடம் வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. பக்கத்து ஊர் தார்ன்லோ கிளப்பில் இரண்டு ஞாயிறு பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்று கோபித்துக்கொண்டு அவன் அம்மா இங்கே கூட்டிவந்தாள். ஆனால் பதிவு மாற்றுவதற்கான கடைசித் தேதி முந்தின வெள்ளியோடு முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு 'நடைமுறை' உண்டு. எந்தக் கிளப்பும் ஒப்புக்கொள்ளாது, எல்லாக் கிளப்பும் செய்யும். எங்களிடம் கார்த் ஆக்ராய்ட் என்றொரு பையன் இருந்தான். ஒழுங்காகச் சந்தா கட்டினான், ஒழுங்காக வந்தான். பந்து அவனை நோக்கி வந்தால் மட்டும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். அவன் அட்டையில் ரோவனை இறக்கினோம். அட்டையிலிருந்த போட்டோவில் மூக்கும் குல்லாயும்தான் தெரியும். சேறு பூசிய ஒன்பது வயதுப் பையன்களைப் பெற்ற தாயே காது பார்த்துத்தான் அடையாளம் காண்பாள், நடுவர் என்ன செய்வார்?

அந்த ஒரு பருவத்தில் மட்டும் 'கார்த் ஆக்ராய்ட்' நாற்பத்தோரு ட்ரை அடித்தான். நாற்பத்தோரு தடவை எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் அழுத்தினான். அடுத்த வருடம் முறைப்படி மாற்றியிருக்கலாம். ஆனால் ராசியான அட்டையை யாராவது மாற்றுவார்களா? மூன்று பருவம் ஓட்டினோம்.

ஒரே ஒரு சிக்கல். உண்மையான கார்த்தை அவன் அம்மா ஞாயிறு பத்து மணிக்கு மைதானத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். ஒரே ஆட்டத்தில் இரண்டு கார்த் ஆக்ராய்டுகள் இருப்பதை நடுவர்கள் விரும்புவதில்லை. எனவே அவனைப் பாய்லர் அறையில் வைத்தோம். சூடான அறை, ஒரு கவிழ்த்த வாளி, ஒரு பாக்கெட் பிஸ்கட். கதவை வெளியிலிருந்து தாழிட்டது நான்தான். அவனுடைய பாதுகாப்பு கருதி.

அவசரக் கூட்டம் மதுக்கூடத்தில் கூடியது. எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தோம். எட்கர் தலைமை. மூலையில் வழக்கம்போல நார்மன் ஆக்ராய்ட். கார்த்தின் அப்பா. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எட்டு வருடமாகக் கமிட்டியில் இருக்கிறார். அதுவரை அவர் பேசியதாகக் குறிப்பேட்டில் இரண்டு பதிவுகள்தான் இருந்தன. இரண்டும் 'ஜன்னலைச் சாத்துங்க'.

அவர் எதிரில் விஷயத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் லாரியோடு பிரான்சில் கலேயிலோ ஹாலந்தில் ராட்டர்டாமிலோ இருப்பார். உள்ளூர்ப் பத்திரிகையில் 'ஆக்ராய்ட் மீண்டும் மூன்று ட்ரை' என்று வந்ததையெல்லாம் வெட்டி லாரிக்குள் ஒட்டியிருந்தார் என்று ஊரே சொல்லும்.

"ஒரு நிர்வாகச் சிக்கல்," என்றேன். "ரோவனோட ஆவணங்கள் வேற ஒரு... வேற ஒரு உறுப்பினரோட ஆவணங்களோட சேந்துபோச்சு."

"புரியுற மாதிரி சொல்லுய்யா," என்றார் எட்கர்.

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே அப்ப பயிற்சியாளர்!"

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. தலைவருக்கு ஞாபகம் இருக்கக் கூடாது. விதியிலயே இருக்கு."

"உண்மைய எழுதிடலாமா?"

"எழுது. ஆள்மாறாட்டத்துக்கு ஒரு வருஷம் தடை. வெந்நீர் வந்துரும், குளிக்க ஆள் இருக்காது."

"எழுதாம விட்டா?"

"விட்டா, அந்த மூணு வருஷம் ரோவன் யாருகிட்ட ஆடுனதா பதிவு இருக்கு?"

அதுதான் எனக்கும் தெரியவேண்டியிருந்தது. தார்ன்லோ செயலாளர் மியூரியல் ஹெப்வொர்த்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன்.

"கிளிஃப்பா? சொல்லு கண்ணு. சத்தமா பேசு, இங்க ஆணி அடிக்கிறாங்க."

"மியூரியல், இந்த இழப்பீடு விஷயமா..."

"வந்துருச்சே! நேத்துதான் வந்துச்சு. மூவாயிரம். ரோவன் பயலுக்கு."

எட்கர் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அவன் உங்ககிட்ட ஆடவே இல்லையே, மியூரியல்!"

"அட்டை எங்ககிட்டதானே கண்ணு இருந்துச்சு. மூணு வருஷமும் பத்திரமா வெச்சிருந்தோம், ஒரு மடிப்பு விழல."

"ரெண்டு ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உக்கார வெச்சீங்க. அவ்வளவுதான்."

"அதுலதான் அவனுக்கு வெறியே வந்துச்சு! அதுக்குப் பேரு வளர்ப்பு இல்லாம வேற என்ன? சரி, அந்த மூணு வருஷமும் அவன் எங்க ஆடினான்னு உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிஞ்சா வாரியத்துக்கு எழுதிப் போடு."

நான் தெரியாது என்றேன்.

"அதானே. எலெக்ட்ரிக் ஸ்கோர்போர்டு மாட்டுறோம், கிளிஃப். ராத்திரியிலயும் தெரியுமாம். உங்களுக்கு வெந்நீர் வந்துருச்சா?"

போனை வைத்தேன். கமிட்டியில் ஒருவர் கிளப்பைக் கலைத்துவிடலாம் என்றார். கலைக்கும் தீர்மானத்தை முன்மொழிய யாரும் கை தூக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கக் குளிர் விடவில்லை. நூற்றுப் பதினேழு வருடம் அவ்வளவு அமைதியாக முடியும் என்று நான் நினைத்ததில்லை.

அப்போதுதான் நார்மன் பேசினார்.

"நாப்பத்தோரு ட்ரை," என்றார்.

எனக்குக் காது சுட்டது. "நார்மன், நான் உங்ககிட்ட முன்னாடியே..."

"அட சும்மா இருய்யா. நாப்பத்தோரு ட்ரை அடிச்சுட்டு வர்றான், பூட்ஸ்ல பொட்டு சேறு இல்ல. சட்டையில கரி. வாயில பிஸ்கட் வாசனை. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தெரிஞ்சுமா அந்தச் செய்தியெல்லாம் வெட்டி ஒட்டினீங்க?"

"பேரு என் பையன் பேருதானே?"

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். எதிர்ச்சாரியில், கிளப் வாசலுக்கு நேராக, ஒரு வேன் நின்றது. ஒரு வருடமாக அங்கேதான் நிற்கிறது. அதன் பக்கவாட்டில் இரண்டடி உயர எழுத்தில் எழுதியிருந்தது: 'கார்த் ஆக்ராய்ட். பாய்லர், ஹீட்டர் வேலைகள்.'

"ஜனவரியிலேர்ந்து பாய்லர் பாய்லர்னு உயிர விடுறீங்க. லீட்ஸ்லேர்ந்து ஆள வரவழைச்சீங்க. அந்த ஆளு நிறுத்த இடமில்லாம என் பையன் வேனுக்குப் பின்னாடிதான் நிறுத்தினான். ஒருத்தராவது கேப்பீங்களான்னு பாத்தேன்."

"நீங்க சொல்லியிருக்கலாமே, நார்மன்!" என்றார் எட்கர்.

"ஏன், படிக்கத் தெரியாதா?"

எங்கள் கிளப்பின் தொலைநோக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஓடுகிற பையனை அரை மைல் தூரத்தில் எங்களால் கண்டுபிடிக்க முடியும். நிற்கிற வேன் தெரியாது.

சனிக்கிழமை கார்த் வந்தான். அப்பாவைப் போலவே அகலமான, அவசரமில்லாத பையன். பாய்லர் அறைக் கதவைத் திறந்துவிட்டு நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்தான். வாளி இன்னும் அங்கேயே கவிழ்ந்திருந்தது. காலால் இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"அப்போ இதுல உக்காந்தா காலு தரையில படாது," என்றான்.

"கார்த், அந்த விஷயத்துல நாங்க..."

"விடுங்க கிளிஃப். நல்லாத்தான் இருந்துச்சு. வெளிய எல்லாரும் கத்துவீங்க, இந்தப் பாய்லர் மட்டும் கத்தாது. எந்தக் குழாய் எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ரெண்டாவது வருஷம் பிரஷர் வால்வைக் கழட்டி மாட்டினேன், உங்களுக்குத் தெரியுமா?"

"யாருகிட்டயும் சொல்லலையே!"

"கதவு வெளிய தாழ் போட்டிருந்துச்சு."

நான் டீ போடப் போய்விட்டேன்.

புது பாய்லர் வேண்டியதில்லை என்றான். இரண்டு பாகம் செத்துப்போயிருந்தது, ஒன்று அடைத்திருந்தது. ஞாயிறு மாலைக்குள் முடித்துவிட்டான். எவ்வளவு என்று கேட்டேன். நாற்பத்தோரு ட்ரைக்கு அந்த வருடம் ஒரு கோப்பை கொடுத்தார்களாமே, அது எங்கே என்று கேட்டான். ரோவன் வீட்டில் இருந்தது. போன் போட்டதும் ரோவனின் அம்மா அதைத் துடைத்து, உள்ளே ஒரு டஜன் முட்டையும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பேர் சரியாகத்தான் பொறித்திருந்தது.

மே மாதம் ஆய்வாளர் வந்தார். குழாயடியில் விரலை நீட்டினார். வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். இடது கையால் 'சூடு' என்று எழுதினார்.

அன்றிரவு எனக்கு ஒரு யோசனை உதித்தது. யோசித்துப் பார்த்தால், எங்கள் கிளப் உண்மையிலேயே வளர்த்த இளைஞன் ஒருவன்தான். ரோவன் எங்கே விட்டிருந்தாலும் ஓடியிருப்பான். கார்த்தை இன்றைய கார்த் ஆக்கியது எங்கள் பாய்லர் அறை. மூன்று அடித்தள ஆண்டுகள், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், சொந்த அட்டை, சொந்தப் பெயர். இருபத்தாறு பக்கத்தையும் நிரப்பினேன். 'வீரர் தற்போது சேர்ந்துள்ள கிளப்' என்ற இடத்தில் 'ஸ்கெல்பெக்' என்று எழுதினேன். அவன் இப்போது கமிட்டி உறுப்பினர். கழிப்பறைக்கும் போவதில்லை.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. பாய்லர் அறைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கார்த் பாய்லருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"'திரு. ஆக்ராய்டின் சாதனைகளை வாரியம் பாராட்டுகிறது. எனினும் இத்திட்டத்தில் இழப்பீடு, கிளப்பை விட்டுச் சென்ற வீரர்களுக்கு மட்டுமே வழங்கப்படும். திரு. ஆக்ராய்ட் சென்றதாகத் தெரியவில்லை. அவர் சென்ற பிறகு மீண்டும் விண்ணப்பிக்கவும்.'"

உள்ளே ஸ்பானர் நின்றது.

"நான் போயிட்டா எவ்வளவு தருவாங்க?"

"மூவாயிரம்."

"இருந்தா?"

"ஒண்ணுமில்ல."

"இதுக்கா பதினோரு பேரு உக்காந்து யோசிச்சாங்க?" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

வாரியத்தின் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. போகிறவனைத் தலையில் தூக்கிவைப்பது, இருக்கிறவனைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துத் தாழிடுவது என்ற இந்த உயர்ந்த கொள்கையை அவர்கள் பிஸ்கட் தட்டிலிருந்து எடுத்திருக்க முடியாது. எங்களைப் போன்ற கிளப்புகளைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். திட்டத்தை வகுக்க உதவியவர்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் என் பெயரை விட்டுவிட்டார்கள். அதற்கு இழப்பீடு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.