வெற்றிலையில் தெரிந்த திருடன்

ரந்தாவ் தோட்டத்தில் மைச்சாமியின் கொட்டகைக்கு வெளியே கார்கள் செம்பனை மரங்களின் ஓரம்வரை நின்றன. காணாமல்போன மாடு, ஓடிப்போன மருமகன் எல்லாம் பழைய கதை. இப்போது பேங்கு மோசடியில் போன பணத்தையே சாமி வெற்றிலையில் மை தடவிப் பார்த்துத் திருப்பித் தருகிறாராம். போலீஸ்காரர்கள் இனி வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

புஷ்பவள்ளி அன்று காலைதான் ஏமாந்திருந்தாள். பேங்கு அதிகாரி என்று ஒருவன் அழைத்து, அவள் பெயர், அட்டையின் கடைசி எண்கள் எல்லாம் சரியாகச் சொல்லி, கணக்கில் திருடன் புகுந்துவிட்டான் என்று பதறவைத்து, கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டான். கொடுத்தாள். மகளின் தாதியர் படிப்புக்கு வைத்திருந்த பணம் போயிற்று.

முதலில் பேங்குக்கும் மோசடிப் புகார் எண் 997-க்கும் போன் அடி, பிறகு போலீசில் புகார் கொடு, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் மடக்கினால் கொஞ்சமாவது மிஞ்சும் என்றாள் பக்கத்து வீட்டு மதுமிதா. புஷ்பவள்ளி தலையாட்டிவிட்டு நேரே இங்கே வந்துவிட்டாள். மதுமிதாவும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

சாமி புஷ்பவள்ளியின் காணிக்கையை வாங்கிக்கொண்டு மைக்கில் முழங்கினார். திருடன் முகம் தெரிகிறதாம். நெற்றியில் மச்சம், தெற்குத் திசை. ஒரு மண்டலம் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பேங்கு, போலீஸ் என்று போனால் மை கலைந்துவிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, என் பணம் வந்துருமா?"

"வீட்டு வாசல்ல வந்து விழும் தாயி."

அப்போது சாமியின் கைப்பேசி அலறியது. அருள் பாதியில் இறங்கிக்கொண்டது.

"ஹலோ... பேங்கா? என் கணக்கையா முடக்கப் போறீங்க? வேணாம்லா மேடம். கார்டு நம்பரா? இருங்க, சொல்றேன்."

ஒலிபெருக்கியில் எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசி வரிசையில் மதுமிதா காதில் கைப்பேசியோடு எழுந்து நின்றாள். அந்த மேடம் அவள்தான். சாமியின் கைப்பேசி எண்ணைக் கொட்டகைப் பலகையிலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

"போதும் சாமி. எங்கயோ இருக்கற திருடன் மூஞ்சி வெத்தலைல தெரியுது. இங்கயே ஒக்காந்து பேசுற என்னைத் தெரியலையா?"

சாமி வெற்றிலையைப் பார்த்தார். பிறகு அவசரமாக மைக்கை அணைத்தார்.

காலையில் தானும் இப்படித்தான் குழைந்தது புஷ்பவள்ளிக்கு உறைத்தது. வெட்கமும் ஆத்திரமுமாக அங்கேயே நின்று பேங்குக்கு அடித்தாள். பெரும்பகுதி கைமாறிப் போயிருந்தது, மிச்சத்தை மடக்கினார்கள். அதுவும் விசாரணை முடிந்தால்தான் கைக்கு வருமாம். ரகசிய எண்ணை அவளே கொடுத்ததால், போனதைப் பேங்கு ஈடுகட்டும் என்று உறுதி சொல்ல மறுத்துவிட்டார்கள்.

"கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா இன்னும் நிறுத்தியிருக்கலாம்கா" என்றாள் பேங்குப் பெண். சாமிக்காக வரிசையில் நின்ற நேரத்தில் போன பணம் அது.

கூட்டம் திருந்தியதா? சிலர் கோலா கிளாவாங் ஊரில் இதைவிடச் சக்தியுள்ள சாமி இருப்பதாகக் கேள்விப்பட்டுக் காரைத் திருப்பினார்கள். ரகசிய எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று பேங்கு தினமும் சொல்கிறது. மூளையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.