பிரஷர் நூத்தறுபது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த அடுத்த பெரிய காரியம், என் அத்தான் தன் காருக்குப் பெரிய பெட்ரோல் பம்ப் மாட்டியதுதான். நடுவில் நடந்தவை எல்லாம் சில்லறை வேலைகள். 'எரிபொருள் மேம்பாட்டுக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், காப்பீட்டு ஆபீசில் விபத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்று பதில் எழுதும் பிரிவில் இருக்கிறார். ஆபீஸ் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆகவே காரின் வேகத்தைக் கூட்டவேண்டிய அவசியம் எல்லோருக்கும் உடனே புரிந்தது. அக்காவுக்குத்தான் புரியவில்லை.

முதலில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வந்தது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும், இல்லையென்றால் எஞ்சின் வெந்துபோகும். அத்தான் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பசிக்குதுடா இதுக்கு," என்றார்.

அன்று அக்காவும் சாப்பிட்டிருக்கவில்லை. நிறைமாதம், நிற்க முடியவில்லை என்று அடுப்பு பற்றவைக்காமல் படுத்திருந்தாள். இரண்டு பசிகளில் எது அவசரம் என்பதைக் குழு கூடி ஒருமனதாக முடிவு செய்தது.

குழுவுக்கு அத்தான் தலைவர். அடுத்த தெருக்காரர் ஒருவர் உறுப்பினர். வீடியோ பார்த்தே எஞ்சின் படித்தவர் என்பதால் அவர் பெயரே 'வீடியோ'. இன்னொருவர் மெக்கானிக். வண்டியின் நாடி பார்ப்பவர் என்பதால் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் "உடனே கொண்டுவா" என்பது அவர் வைத்தியம். கூட்டம் வீடியோ வீட்டு மாடியில், ஒரு வெள்ளைப் பலகையின் முன்னால் நடக்கும்.

பம்ப் மாறியது. பம்ப் மாறியதால் குழாய் மாறியது. குழாய் மாறியதால் பிரஷர் ரெகுலேட்டர் மாறியது. மிச்ச பெட்ரோல் டாங்க்குக்கே திரும்பிவர ரிட்டர்ன் குழாய் ஒன்றும் போட்டோம். அக்கா சொல்வதெல்லாம் அத்தானின் காதில் அந்த ஏற்பாட்டின்படிதான் போய்வந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக்கினோம்.

"பெரிய இன்ஜெக்டர் போட்டதை வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். இல்லாட்டி அது பழைய கணக்குலயே ஊத்தும்," என்றார் டாக்டர்.

'உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்' என்று தீர்மானம் போட்டுவிட்டு டீ குடித்தோம்.

காருக்குள் பெட்ரோல் பிரஷரைக் காட்ட ஒரு மீட்டரும் பொருத்தப்பட்டது. நாங்கள் கூட்டத்தில் இருக்கும்போது அதை யார் பார்ப்பது? அக்காவை 'அளவு வாசிப்பாளர்' பதவியில் அமர்த்தினோம். சாயங்காலம் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, மீட்டரைப் பார்த்துப் போனில் சொல்லவேண்டும்.

"ஏங்க, டாக்டரம்மா என்னைப் படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. பிரஷரை வேற பார்த்துக்கச் சொன்னாங்க."

"அதான் சீட்டைச் சாய்ச்சுப் போட்டிருக்கேன்ல? படுத்துக்கிட்டே பிரஷரைப் பாரு."

இப்படி ஒரு கணவர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

புது ரெகுலேட்டரின் முதல் அளவுக்காகக் குழு காத்திருந்த சாயங்காலம் அது. போன் அடித்தது. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, பிரஷர் ஏறிடுச்சு," என்றாள் அக்கா.

வீடியோ நாற்காலியை விட்டு எழுந்தார். அத்தான் பேனாவின் மூடியைக் கழற்றினார். "எவ்வளவும்மா?"

"மேல நூத்தறுபது. கீழ நூத்திப்பத்து."

"சும்மா நிக்கும்போதே நூத்திப்பத்தா!" அத்தான் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். எல்லோரும் கைதட்டினோம்.

"என்னங்க சத்தம் அங்க? எனக்குத் தலை சுத்துது."

"எங்களுக்கும்தாம்மா!"

"கண்ணு மங்கலாத் தெரியுது."

"மீட்டருக்கு வெளிச்சம் பத்தல. நான் அப்பவே சொன்னேன்," என்றார் வீடியோ.

"ரொம்ப வீங்கியிருக்குங்க."

"அது ரப்பர் குழாய்தான். நூத்தறுபது தாங்காது," என்று முதல்முறையாகக் கவலைப்பட்டார் டாக்டர்.

"டாக்டர் உடனே கொண்டுவரச் சொல்றாங்க!"

எல்லோரும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நான் எங்கேப்பா சொன்னேன்? நான் இங்கதானே இருக்கேன்?"

அப்போது போனில் அக்காவின் கீழ்வீட்டு நர்ஸம்மாவின் குரல் வந்தது. "யோவ், பிரஷர் உன் பொண்டாட்டிக்குய்யா! நான்தான் பார்த்தேன். ஓடிவந்து வண்டியை எடு. வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்து."

ஓடினோம். ஓடும்போதும் அத்தான் நம்பிக்கை இழக்கவில்லை. "இதுக்குத்தாண்டா பம்ப் மாத்தினேன். பறந்துடலாம்!"

சாவியைத் திருப்பினார். கம்ப்யூட்டருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அது பாவம் பழைய கணக்கையே நம்பி, பெரிய இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைக் கொட்டியது. எஞ்சின் மூச்சு திணறி, கறுப்புப் புகையாக வாந்தி எடுத்து, வாசல் கேட்டைத் தாண்டியதும் படுத்துவிட்டது.

"என்ன ஆச்சு டாக்டர்?"

"அஜீரணம்," என்றார் டாக்டர்.

எதிரே தண்ணீர் கேன் போடும் வேன் வந்தது. நர்ஸம்மா குறுக்கே போய் நின்று அதை நிறுத்தினார். கேன்களை இறக்கித் தெருவில் வைத்துவிட்டு அக்காவை ஏற்றினார்கள். எங்களுக்கு இடமில்லை என்றாள் அக்கா. வேனில் இடம் இருந்தது.

தலைவர் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வர மறுத்ததால், குழு அதை ஆஸ்பத்திரிவரை தள்ளிக்கொண்டே போனது. ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகவில்லை. எரிபொருள் மேம்பாட்டில் இதைவிட ஒரு சாதனை இருக்க முடியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. பெண் குழந்தை. அக்கா கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது வேன்காரர் வந்த நேரம் என்றார் டாக்டரம்மா, எங்கள் கைகளில் இருந்த கரியைப் பார்த்தபடி.

பிறகு நோயாளியின் அட்டையை எடுத்துக்கொண்டு அத்தானைக் கேட்டார். "இந்த மாசம் பூரா இவங்க பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?"

அத்தான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொறுப்பான குடும்பத் தலைவர் அப்படித்தான், எல்லாம் விரல்நுனியில். "சும்மா நிக்கும்போது நாப்பத்தஞ்சு, டாக்டர். மிதிச்சா அறுபது."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"யாரை மிதிச்சா?"

கட்டிலில் இருந்து அக்காதான் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அவரைக் கேக்காதீங்க டாக்டர். எனக்கு அவர் மீட்டர் மாட்டல."