பென்சில் திருத்தக்காரர்

முப்பத்தொரு வருட சர்வீஸ், நானூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள், எல்லாம் பென்சிலில். ‘என்னைக் கேளு’ என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தவர் இவர். கோலார் தங்கவயலின் புல்டோசர் தொழிற்சாலையில் மட்டும்தான் இவர் விளைவார் என்று நினைக்காதீர்கள். அங்கே கொஞ்சம் செழிப்பாக விளைவார், அவ்வளவுதான்.

இந்த இனத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட மாதிரி, அசெம்பிளி ஃபோர்மேன் சுந்தரராஜ். காலையில் வரைபடத்தை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “டிசைன்காரனுக்கு இன்னா தெரியும்?” என்று கேட்டு, பம்ப்புக்கு அடியில் வரைபடத்தில் இல்லாத ஒரு வாஷரைச் சேர்க்கச் சொல்லி, அதைத் தன் பிரதியில் மட்டும் குறித்து, லாக்கரில் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். வண்டி அருமையாக ஓடும். டிசைன் பிரிவுக்குச் சொல்வாரா? எதற்கு? சொன்னால் அவர்களுக்கும் தெரிந்துவிடுமே.

2000-இல் கம்ப்யூட்டர் வந்தது. வரைபடம், அசெம்பிளி ஷாப், ஸ்டோர்ஸ், வெளியூரில் ஓடும் வண்டி எல்லாவற்றின் விவரத்தையும் ஒன்றாகக் கோக்க இந்து என்ற இளம் இன்ஜினியர் வந்தார்.

“சார், நீங்க மார்க் பண்ணதெல்லாம் குடுங்க, ஏத்திடறேன்.”

“இன்னாம்மா அவசரம்? வேணும்னா என்னைக் கேளு. நான் எங்க போயிடப் போறேன்?”

இந்து திருத்தமில்லாத மூல வரைபடங்களையே ஏற்றினார். அதன்படி ஸ்டோர்ஸ் அனுப்பிய புது பம்ப், வாஷர் இல்லாமல், தொலைவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. வியாழக்கிழமை, அதை மாட்டத் தொழிற்சாலையிலிருந்து போயிருந்த ஃபிட்டர் ராஜேந்திரன் அங்கிருந்து சுந்தரராஜுக்குப் போன் செய்தார்.

“அண்ணே, புது பம்ப்புல ரெண்டு ஆயில் சீல் பிச்சுக்கிச்சு. மிச்சம் ஒண்ணுதான். வண்டி ஓடினாத்தான் என்னை விடுவாங்களாம். ஞாயித்துக்கிழமை பத்தரைக்குப் பொண்ணுக்கு நிச்சயம்.”

இப்படி ஒரு போனுக்காகத்தானே இவ்வினம் உயிர் வாழ்கிறது?

“இதுக்கா பயந்தே? அடியில ஒரு வாஷர் போடுப்பா.”

“எத்தினி மில்லிண்ணே?”

சுந்தரராஜ் லாக்கருக்கு நடந்தார். வரைபடத்தை வருடக்கணக்காக மடித்து மடித்து, மடிப்பில் இருந்த எண் தேய்ந்துபோயிருந்தது. இரண்டா, மூன்றா? இருப்பதோ ஒரே சீல்.

வாஷர் போட்டு யார்டில் நின்ற புது வண்டியின் பம்ப்பைக் கழற்றி அளந்து சொல்ல வெள்ளி மாலை ஆகிவிட்டது. இந்துதான் அளவுகோலைப் பிடித்தார். “மூணு சார். மத்ததெல்லாம் எப்ப தருவீங்க?”

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை எந்தப் பக்கம் தட்டினால் ஓடும் என்பது உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

ராஜேந்திரன் சனிக்கிழமை ரயிலேறினார். அது தங்கவயலுக்கு இறங்கவேண்டிய பங்காருபேட்டைக்கு ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குத்தான் வருகிறது.