சம்பந்தி அம்மாவும் எட்டுக் கோள்களும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களின் பார்வைக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி, அது யார் சொல்லும் கேட்பதில்லை. அங்கே நீங்களும் சம்பந்தி ஐயாவும் மாப்பிள்ளையும் என் மகளும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். காரணம் இதுதான்: போனில் உங்கள் குரல் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். நீங்கள் தலைமை ஆசிரியையாக இருந்தவர் என்று கல்யாணப் பேச்சின்போது தெரிந்ததிலிருந்து இப்படித்தான். "ஹலோ" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் போனை மனைவி கையில் திணித்துவிட்டு, ஏதோ அடுப்பில் வைத்தவன் போலச் சமையலறைப் பக்கம் போய்விடுவேன். ஆனால் இப்போது சொல்லவேண்டிய நன்றி நீளமானது. நின்றுகொண்டு சொல்லக் கால் தாங்காது.

போன வாரம் கோளரங்கத்தில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் போனின் அந்தப் பக்கம் இருந்தீர்கள். இந்தப் பக்கம் என்னென்ன நடந்தது என்பதைப் பற்றி நான் இதுவரை மூச்சுவிடவில்லை. என் மகளிடமும் சொல்லவேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். முழுவதையும் எழுதிவிடுகிறேன், படித்து முடிக்கும்வரை கோபப்படாதீர்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எனக்கு அங்கே என்ன வேலை என்பது உங்களுக்குத் தெரியும். சீட்டைக் கிழித்துக் கொடுத்து, எல்லாரும் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது. உள்ளே துளி வெளிச்சம் போகக்கூடாது என்பதால் காட்சி முடியும்வரை நான் கதவைத் திறக்கக்கூடாது. அதனால் அங்கே சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் காட்சியைப் பார்த்ததே கிடையாது. முடிவில் கைதட்டல் கேட்கும். ஏதோ நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் எனக்கும் வானத்துக்கும் உள்ள சம்பந்தம்.

அன்றைக்கு நகர மன்றத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கோளரங்கத்தைத் தொடர்ந்து நடத்துவதா, இல்லை மூடிவிட்டு மன்றத்தின் பழைய மேசை நாற்காலிகளைப் போட்டுவைக்கும் கிடங்காக்குவதா என்று பார்த்து முடிவுசெய்ய. அரங்கம் நிறைந்திருந்தால்தான் மரியாதை என்று மேலாளர் ஒரு பள்ளிக்கூடத்தையே அழைத்திருந்தார். எல்லாம் சரி, காட்சிக்கு விளக்கம் சொல்லும் பெண்ணுக்கு அன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. படம் காட்டும் எந்திரத்தை இயக்க அவளால் முடியும், பேச முடியாது. மேலாளர் பேசலாமே என்றால், அவர் மூன்று பேர் முன்னால் நின்றாலே வேர்த்து, எழுதிவைத்ததைக் கூட வாசிக்கமுடியாத சுபாவம். அவர் என்னைப் பார்த்தார். பஸ் டெப்போவில் எனக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர் என்பதை எவனோ அவரிடம் சொல்லியிருக்கிறான். "உங்களுக்குக் குரல் இருக்கு, நீங்க பேசுங்க" என்றார். குரல் இருக்கிறது ஐயா, சரக்கு இல்லையே என்றேன். அதற்குள் அந்தப் பெண் என் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திவிட்டாள்.

எனக்கு உடனே என் மகள் ஞாபகம் வந்தது, கூப்பிட்டேன். அவளோ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "அப்பா, கோளெல்லாம் எனக்குத் தெரியாது, அத்தை பக்கத்துலதான் இருக்காங்க" என்று போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டாள். நான் வழக்கம்போல எழுந்து நின்றேன். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல், போனைச் சட்டைப்பையில் வைத்து இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள், நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள் என்றீர்கள். அந்தத் தைரியத்தில் இருட்டுக்குள் நுழைந்தேன். முதல் வரிசையில் ஒருவர் காலை மிதித்தேன். அவர் மன்ற உறுப்பினர் என்று பிறகுதான் தெரிந்தது.

தலைக்கு மேலே கூரை முழுக்கச் சூரியன் எழுந்தது. சும்மா நிற்பானேன், எனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோமே என்று, "சூரியனைச் சுற்றும் கோள்கள்: செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி" என்று கணீரென்று அறிவித்தேன். உடனே உங்கள் குரல் வந்தது.

"சம்பந்தி, நீங்க சொல்றது கிழமை. கோளுக்கு வரிசை வேற. நான் சொல்றதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

இங்கேதான் அம்மா ஒரு பிழை நடந்துவிட்டது. பதற்றத்தில் நான் இயர்போனைக் காதில் மாட்டினேனே தவிர, அதன் மறுமுனை போனில் சரியாக இறங்கவில்லை. பையில் திணித்த வேகத்தில் ஸ்பீக்கர் வேறு ஆன் ஆகிவிட்டது. உங்கள் குரல் என் சட்டைப்பையிலிருந்து நேராக வந்து, காலரில் இருந்த மைக்கில் ஏறி, அரங்கம் முழுக்கக் கேட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை. தலைமை ஆசிரியை பேசினால் குரல் நாலா பக்கமும் கேட்பது இயல்புதானே என்று நினைத்தேன். நீங்கள் சொன்னபடியே, "நான் சொல்றதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்று நானும் உரக்கச் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில், "நான் சொல்றதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றார்கள். அங்கே என்ன சத்தம் என்று கேட்டீர்கள் அல்லவா? கூரை வளைவாக இருக்கிறது, எதிரொலிக்கிறது என்று நான் சொன்னேன் அல்லவா? எதிரொலி இல்லை அம்மா. பிள்ளைகள்.

அதற்குப் பிறகு வண்டி ஒரு தடத்தில் ஓடத் தொடங்கியது. புதன்தான் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது, எட்டுக் கோள்களிலும் சின்னது என்றீர்கள், நான் சொன்னேன், அவர்களும் சொன்னார்கள். அடுத்து வெள்ளி. அருகில் இருப்பது புதன்தான் என்றாலும், அதிகச் சூடு வெள்ளியில்தான் என்றீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனைவிட அடுத்தவனுக்கு எப்படி அதிகமாகச் சுடும்? கேட்டேவிட்டேன். வெள்ளியைச் சுற்றிக் கனமான கரியமில வாயு மூடியிருக்கிறது, உள்ளே வந்த வெப்பம் வெளியே போகமுடியாது என்று விளக்கினீர்கள். எனக்கு டக்கென்று புரிந்தது. "ஓ, ஜன்னலையெல்லாம் ஏத்திவிட்டு வெயில்ல நிறுத்தின பஸ் மாதிரி" என்றேன். உடனே நீங்கள், "நான் இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இந்த உதாரணம் தோணல, சம்பந்தி. சரியாச் சொன்னீங்க" என்றீர்கள். அம்மா, ஓய்வுபெற்றபோது எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதைவிட இது பெரிது.

பூமிக்கு வந்தபோது எந்திரம் நின்றுவிட்டது. கூரையில் நீல உருண்டை, அது அசையவே இல்லை. அடுத்த படம் வரவில்லை. எந்திரத்துக்குப் பின்னால் அந்தப் பெண் எதையோ தட்டுகிறாள், குரல் இல்லாததால் திட்டக்கூட முடியவில்லை பாவம். மன்றக்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். அதன் முள் பச்சையாக ஒளிர்ந்தது. மேலாளர், அந்தப் பெண், வாசலில் நான், இரவுக் காவலாளி, நாலு குடும்பம் அந்த உருண்டையில் தொங்குகிறது. மூச்சு வாங்குவது உங்களுக்குக் கேட்டிருக்கவேண்டும். நீங்கள் மெல்லிய குரலில் பேசினீர்கள்.

"பயப்படாதீங்க சம்பந்தி. உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்த முதல் நாள் இதே மாதிரிதான் நடுங்கினா. இப்ப அவ ரெண்டு நாள் ஊருக்குப் போனாக்கூட எனக்கு வீடு வீடா இல்ல. அவளை வளர்த்தவருக்கு எட்டுக் கோள் ஒரு பெரிய விஷயமா? மூச்சை இழுத்து விட்டுட்டுச் செவ்வாய்க்கு வாங்க."

நீங்கள் சொன்னதில் நான் திருப்பிச் சொல்லாத ஒரே பேச்சு அதுதான். பிள்ளைகளும் சொல்லவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, அவள் அங்கே எப்படி இருக்கிறாளோ என்று ஒவ்வொரு சாயங்காலமும் என் மனைவியிடம் கேட்பேன். "நல்லாத்தான் இருக்கா" என்பாள் அவள். நல்லாத்தான் என்பதற்கும் நல்லா என்பதற்கும் நடுவில் ஒரு தகப்பனுக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடைவெளி அன்று பட்டப்பகலில், இருட்டில், முன்பின் தெரியாத ஓர் அரங்கம் நிறைந்த ஜனங்களுக்கு நடுவில் மூடியது. எந்திரமும் அப்போது பார்த்து நகர்ந்தது. செவ்வாய் வந்தது. அங்கே மண்ணில் இரும்பு துருப்பிடித்திருக்கிறது, அதனால்தான் சிவப்பு என்றீர்கள். துருவைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நல்ல உற்சாகமாகவே சொன்னேன்.

வியாழனுக்குப் போகும் வழியில் இயர்போன் வயர் என் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டது. நான் என்னையறியாமல், "சனியன், இந்த வயரு" என்று முணுமுணுத்தேன். மைக் அதையும் விடவில்லை. நீங்களோ அமைதியாக, "சனிக்கு இன்னும் நேரம் இருக்கு, முதல்ல வியாழனை முடிங்க" என்றீர்கள். அரங்கத்தில் எழுந்த சிரிப்பில் வியாழன்தான் எல்லாவற்றிலும் பெரியது, அதன் மேலே இருக்கும் சிவப்புப் பொட்டு பூமியையே விழுங்கக்கூடிய ஒரு புயல் என்பதெல்லாம் பாதிப்பேருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார்கள். சனியின் வளையம் பனிக்கட்டியும் பாறைத்துண்டும் என்றபோது முன்வரிசையிலிருந்தும் சேர்ந்து குரல் வந்தது. நான் காலை மிதித்தேனே, அவருடைய குரல்தான் அதில் பெரிது. யுரேனஸ் ஒருக்களித்துப் படுத்தபடியே சுற்றுகிறது என்று நீங்கள் சொன்னதும், எங்கள் டெப்போவில் அப்படி ஒரு மேற்பார்வையாளர் இருந்தார் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். மன்னிக்கவும்.

நெப்டியூனில் இன்னொரு கூத்து. சரியாக அப்போது என் மனைவி கூப்பிட்டாள். அழைப்பை வெட்டிவிடலாம் என்று பைக்கு மேலேயே அழுத்தினேன், அது எடுத்துவிட்டது. பையிலிருந்து ஒரு குரல் வந்தால் திருப்பிச் சொல்வது என்று அதற்குள் எனக்குப் பழகிவிட்டிருந்தது. அவள் சொன்னாள், நானும் கணீரென்று சொன்னேன்: "குளியலறையில பல்பு போயிடுச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க." பிள்ளைகளும் சொன்னார்கள். என் மனைவி, யாரது அத்தனை பேர் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி நீங்கள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "தப்பில்ல. நெப்டியூன்தான் கடைசி. அவ்வளவு தூரத்துல வெளிச்சம் கம்மிதான். சூரியனை ஒரு தடவை சுத்திவர நூத்தி அறுபத்தஞ்சு வருஷம் ஆகும்னு சொல்லிட்டு முடிங்க" என்றீர்கள்.

முடித்தேன். ஆனால் ஒரு சிறுமி எழுந்து, புளூட்டோ எங்கே, அதை ஏன் வேலையை விட்டு நீக்கினார்கள் என்று கேட்டாள். "நீக்கலை. குறுங்கோள்னு வேற பிரிவுக்கு மாத்தியிருக்காங்க. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு" என்று நீங்களே நேராகப் பதில் சொன்னீர்கள். அவள் கேட்டது உங்களுக்குக் கேட்டது எப்படி என்று நீங்கள் அப்போது யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விளக்குகள் எரிந்தன. கைதட்டலை முதல்முறையாகக் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டேன். அப்போது பார்க்கிறேன், பின்சுவர் ஓரமாக மேலாளர் கைகட்டி நிமிர்ந்து நிற்கிறார். உட்காரவில்லையா ஐயா என்றேன். "டீச்சர் குரல் கேட்டதும் எழுந்தவன்தான். உட்காரச் சொல்லலையே" என்றார். அவர் உங்கள் மாணவர் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு இந்த வேலை கிடைத்ததே உங்களால்தான் என்றும் அவரே சொன்னார். ஓய்வுபெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்து, மனைவியின் ஒவ்வொரு வேலையிலும் நான் குறுக்கே விழுந்துகொண்டிருந்த நாட்களில், நேரம் தவறாத மனுஷன் ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நானோ, என் முகவெட்டைப் பார்த்து வேலை கொடுத்தார்கள் என்று இவ்வளவு நாளும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை நீங்கள் வெளியே விடவில்லையே அம்மா. மன்றக்காரர்கள், ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல் அமைத்தது அருமை என்று பாராட்டி, கோளரங்கம் தொடர்ந்து நடக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மேசை நாற்காலிக்கு வேறு இடம் பார்ப்பார்களாம்.

மகளுக்காக ஒரு நன்றி, வேலைக்காக ஒரு நன்றி, எட்டுக் கோள்களுக்காக ஒரு நன்றி. உங்கள் குரலை ஊரறியப் பரப்பியதற்கு மன்னிப்பு. உங்களுக்கு இதுவரை கொடுத்த சிரமம் போதும். இனி ஒருநாளும் இந்தக் கோளரங்க விஷயமாக உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். எல்லாரும் நோய்நொடியில்லாமல், மனம் நிறைந்து வாழவேண்டும்.

என்றும் நன்றி மறவாத,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மேலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். இதே காட்சியை, இதே இரண்டு குரலில், மாதம் ஒருமுறை நடத்தவேண்டும் என்று மன்றக்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம். டீச்சரிடம் கேட்க அவருக்குப் பயம். சம்மதிப்பார்களா என்று என்னைக் கேட்டார். எப்போதோ சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். கோளரங்க வாசலில் நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது. போனெல்லாம் வேண்டாம், நேரிலேயே வந்துவிடுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழரை பஸ். ஜன்னலோர இடம் போட்டுவைக்கச் சொல்லி என் பழைய கண்டக்டரிடம் பேசிவிட்டேன்.