ஒரு தாள் கூடுதல்

தோசைக்கரண்டியோடு நின்ற அனுப்ரியாவின் காலடியில் ஒரு தாள் வந்து விழுந்தது. நூலகத்தில் இரவல் வாங்கிய, யாரும் சீந்தாத சட்ட வரலாற்றுப் புத்தகத்தை ஒரு கையால் புரட்டியதன் பலன். எடுத்துப் பார்த்தாள். நேற்று நூலகத்தின் அரிய நூல் அறையில் இந்தப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் புரட்டத் தொடங்கிய பழைய சிறுநூலின் தாள். அந்த அறையிலிருந்து தூசிகூட வெளியே வரக் கூடாது.

அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தாள். ஆயிரத்து எழுநூற்று அறுபதுகளின் இங்கிலாந்து. கைக்குட்டை திருடினாலும் தூக்கு. அந்த ஊரில் பெயர் போடாத ஒருவன் எழுதியிருந்தான்: 'எடுத்த பொருள் திரும்பி வந்தால் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. நன்றி சொல்லி அனுப்ப வேண்டும். தூக்கு இருக்கும்வரை எவன் திருப்பித் தருவான்?'

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தூக்கை வேடிக்கை பார்க்க ஊரே ஓடிய காலத்தில் இந்த மனுஷன் உட்கார்ந்து இப்படி யோசித்திருக்கிறானே. புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனின் மூன்றாம் மாடிச் சமையலறையில் நின்று அவனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பிறகுதான் அவளுடைய ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் நாகசுப்பிரமணியன் ஞாபகம் வந்தது. படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், மகா கறார். ஆழம் பார்க்கப் போன் போட்டாள்.

"சார், சும்மா ஒரு டவுட். ஒரு ஸ்டூடன்ட் தெரியாம அரிய நூல் தாள் ஒண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா?"

"தெரியாமன்னு ஒண்ணு கிடையாதும்மா. பிஎச்.டி. அன்னிக்கே க்ளோஸ். ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான். யாரு அது?"

"யாரும் இல்ல சார்."

கேட்காமலே இருந்திருக்கலாம். மனுஷன் உடனே நூலகத்தைக் கூப்பிட்டு, இனித் தாள்களை எண்ணித்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லை. தாளை இரவல் புத்தகத்துக்குள் ஒளித்து, மெட்ரோ பிடித்துப் போய், சிறுநூலில் இடைவெளி இருந்த இடத்தில் சத்தமில்லாமல் செருகினாள். போன உயிர் திரும்பி வந்தது.

அறைப் பொறுப்பாளர் மாக்கிரட் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவள் திருப்பிக் கொடுத்த சிறுநூலின் தாள்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பிள்ளை, முப்பத்தொரு தாள்தானே இருக்கவேணும். முப்பத்திரண்டு கிடக்கு."

திருடினால் குறையும், இதென்ன கூடுகிறது? அனுப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே எல்லாவற்றையும் ஒப்பித்து அழுதுவிட்டாள்.

"இந்த புக்குக்குள்ள வந்துடுச்சுக்கா. சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மாக்கிரட் தாளைக் கையில் எடுத்துப் படித்தார். அவர் குரல் தணிந்துவிட்டது.

"இது துலைஞ்சு முப்பது வருசத்துக்கு மேல. எத்தினை பேர் தேடினவை. நீ எடுக்கேல்லை, பிள்ளை. கண்டுபிடிச்சிருக்கிறாய்."

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருடம் கழித்து அந்தப் பெயரில்லாத மனுஷன் தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

"அப்போ யாருக்கா எடுத்தது?"

மாக்கிரட் இரவல் புத்தகத்தின் பின்னட்டை உறையிலிருந்து, இரவல் வாங்கியவர் பெயர் எழுதும் பழைய அட்டையை உருவினார். தொண்ணூற்றொன்றாம் வருடத் தேதி, ஒரே ஒரு பெயர். அட்டையை மறுபடி உறைக்குள் செருகிவிட்டுப் போனை எடுத்தார்.

"இதில எழுதியிருக்கிற மாதிரி நாங்கள் ஒண்டும் கேக்கப்படாது, பிள்ளை… ஹலோ, புரொபசர் நாகசுப்பிரமணியனோ? நன்றி, சேர்."